எதிரணித் தலைவிக்கு

ஐதராபாத்
14-8-2006

என் எதிரணித் தலைவி ஜுலைகாவுக்கு,

காஞ்சனாவின் உளங்கனிந்த வணக்கம். உன் நலமும், மகள் ரைஹானாவின் நலமும், வளைகுடாவில் உழைக்கும் உன் கணவரின் நலமும் அறிய விழைகிறேன். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்து உன் கையால் நெய்ச்சோறு உண்டு திரும்பியவளுக்கு இரண்டாண்டுகளாக ஒரு வரி எழுதாத அந்தக் கைக்கு என்ன வந்தது என்றும் அறிய விழைகிறேன்.

சினத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் செய்தி. வேலையை விட்டுவிட்டேன். மாதாப்பூரின் கண்ணாடி மாளிகையை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை, வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிச்சென்ற நிறுவன வண்டியை, எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மேலாளர் அழைத்து, 'அமெரிக்காவா?' என்று கேட்டார். அதனினும் தொலைவு என்றேன். நகரின் மேற்கு விளிம்பில், யானைக்கூட்டம் படுத்துறங்குவது போலப் பாறைகள் கிடக்கும் பல்கலைக்கழக வளாகத்தில், மெய்யியல் துறையில் முழுநேர ஆய்வு மாணவியாகச் சேர்ந்துவிட்டேன். என் பொருள், மனம் பற்றிய மெய்யியல்.

இங்கே பாடம் நடக்கும் முறையைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒரு நீள்மேசை, அதைச் சுற்றி எட்டுப் பேர், அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியம், அதற்கென ஒரு முழுக் காலைப்பொழுது. 'எனக்குப் பசிக்கிறது என்பதை நான் அறிகிறேன். உனக்குப் பசிக்கிறது என்பதை நான் ஊகிக்கிறேன்.' சென்ற வாரம் இந்த வாக்கியத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு உணவுக்கூடத்துக்குப் போனோம். போன பிறகும் பிரித்துக்கொண்டே இருந்தோம். சோறு ஆறியது. ஜுலைகா, ஐந்தாண்டு கணினிக்கு முன் அமர்ந்து நான் அடையாத களிப்பு அது.

என் அறைத்தோழி ரோஸ்லினும் இதே துறையில்தான் ஆய்வு செய்கிறாள். செகந்தராபாத் தொடர்வண்டிப் பட்டறைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழும் தெலுங்கும் தக்கணி உருதும் அவள் வாயில் ஒரே வீட்டில் குடியிருக்கும். 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு' என்பாள். நான் மேசையைத் தட்டி முழங்கியதைக் கண்டு அவள் கேட்டாள்: "கைக்கு இவ்ளோ கத்துறே? மேஜை எங்கயும் ஓடிப் போவாது பா."

இப்போது என் ஆய்வுப் பொருளைக் கேள். பாளையங்கோட்டைக் கல்லூரி மேடையில், நாணயம் சுண்டி அணி பிரித்த அந்தக் காலத்தில், நீயும் நானும் மாறி மாறி முழங்கிய அதே முழக்கம்: மொழி இல்லையேல் எண்ணம் இல்லை. எண்ணத்தின் ஆடை மொழி என்போர் அறியாதார். மொழியே எண்ணத்தின் உடல். அன்று கைதட்டலுக்காகச் சொன்னதை இன்று மெய்ப்பிக்கப் போகிறேன். கல்வியாண்டின் இறுதியில் முன்வரைவு எழுதி, துறையினர் அனைவரும் கூடும் திறந்த அரங்கில் அதைக் காக்கவேண்டும். காத்தால் என் பதிவு உறுதியாகும்.

இதில் உனக்கொரு பணி உண்டு. எங்கள் பேராசிரியர் சக்ரபாணிக்கு ஒரு வழக்கம். எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் எதிர்வாதப் பகுதியைத்தான் முதலில் புரட்டுவார். அது நோஞ்சானாக இருந்தால் மற்றதைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். உன்னினும் வலிய எதிரணி எனக்கு எங்கே வாய்க்கும்? என்னை எதிர்த்து எழுது. இரக்கமின்றி எழுது. மின்னஞ்சல் வேண்டா, அதில் தமிழ் உடைந்து கட்டங்கட்டமாக வந்து சேர்கிறது. மடலே போதும்.

ரைஹானா இந்நேரம் உன்னையே வாயடைக்கச் செய்திருப்பாளே? மேடைக்காரியின் மகளாயிற்றே.

உன் மறுமொழிக்குத் தவங்கிடக்கும்,
காஞ்சனா

*

கடையநல்லூர்
20-9-2006

அன்பிற்குரிய ஆய்வறிஞருக்கு,

ஜுலைகாவின் ஸலாமும் வாழ்த்தும். மடல் கண்டேன், மடலில் உன் குரல் கேட்டேன், அடுக்களையில் நின்று படித்தபோது பால் பொங்கி வழிந்ததையும் கண்டேன். அதற்கு மாமியிடம் வாங்கிய வசை உன் கணக்கில் சேரும்.

எழுதாமைக்குக் காரணம் கேட்கிறாய். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ், வீட்டில் மாமனார் மாமி, நடுவே நான். மேடைகளை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறேன். நீ வேலையை விட்டது எனக்கு வியப்பாக இல்லை. உண்பதற்கு முன்பே விடுதிக் குழம்பைப் பற்றி விவாதம் தொடங்குகிறவள் நீ. உனக்குச் சம்பளம் தந்து வாயை மூடிவைத்திருந்த அந்த நிறுவனத்தின் பொறுமையைத்தான் வியக்கிறேன்.

ரைஹானா நலம். உயரமாகிவிட்டாள்.

சரி, எதிரணி எழுந்து நிற்கிறது.

எங்கள் தெருவில், அடுத்த வீட்டில், மூன்றரை வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை. 'அம்மா' இல்லை, 'வா' இல்லை, 'வேண்டாம்' இல்லை. செவி நன்றாகவே கேட்கிறது. பிறர் சொல்வதும் அவளுக்கு விளங்குவதாகத் தெரியவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. உன் கோட்பாட்டின்படி மொழி இன்னும் எட்டிப்பார்க்காத உள்ளம்.

அவள் ஒருநாள் செய்ததைச் சொல்கிறேன். அவ்வீட்டுப் பெரியவரின் தொழுகைத் தொப்பியை எடுத்துப் போய்த் தண்ணீர்க் குடத்தின் தலையில் வைத்தாள். வைத்துவிட்டு ஓடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள். தாய் தண்ணீர் மொள்ள வரும்வரை அசையாமல் நின்றாள். தாய் குடத்தைக் கண்டாள். பிள்ளை தொப்பியைப் பார்க்கவில்லை, காஞ்சனா. தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் சிரிக்கும்வரை காத்திருந்தாள். சிரித்த பிறகு துள்ளினாள்.

சொல் இல்லாத இடத்தில் எண்ணம் இல்லை என்கிறாய். நகைச்சுவை இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? விடை சொல்க.

உன்,
ஜுலைகா

*

ஐதராபாத்
2-11-2006

வெல்லற்கரிய ஜுலைகாவுக்கு, வென்றவள் எழுதுவது.

ஈகைத் திருநாள் வாழ்த்து சற்றுக் காலந்தாழ்ந்து வருகிறது, பொறுத்தருள். உன் குடமும் தொப்பியும் எங்கள் துறையையே ஆட்டிவைத்துவிட்டன. எதிர்வாதப் பகுதியில் அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தேன். பேராசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் படித்தார். 'இதை எழுதியது நீயில்லை, யார்?' என்றார். கடையநல்லூரில் ஒரு தமிழாசிரியை என்றேன். உன் கட்டுரையைவிட அவருடைய பத்தி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முதன்முறையாக என் கட்டுரையின் மீதிப் பக்கங்களையும் படித்தார்.

அந்தப் பத்தியை நான் எப்படி வீழ்த்தினேன் தெரியுமா? எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை, நான் நின்றேன். குடத்தில் தொப்பி வைத்தது ஓர் அசைவு என்றேன். முன்னொரு நாள் தற்செயலாக வைத்திருப்பாள், தாய் சிரித்திருப்பாள், சிரிப்பு இனித்திருக்கும், மீண்டும் வைத்தாள். கிளிகூடச் செய்யும். சிரித்தவர் யார்? தாய். நகைச்சுவை என்று பெயரிட்டவர் யார்? ஜுலைகா. 'காத்திருந்தாள்' என்பதும் உன் சொல்லே; அவளுடையதன்று. நம்மிடமுள்ள செல்வத்தை அப்பிள்ளையின் மடியில் நாமே போட்டுவிட்டு, பாருங்கள் இவள் செல்வம் உடையவள் என்கிறோம். சொல் நுழையாத உள்ளம் விளக்கேற்றாத வீடு. வெளியே நின்று பார்க்கும் நாம், நம் கைவிளக்கின் ஒளி அதன் சாளரத்தில் பட்டுத் திரும்புவதைக் கண்டு, உள்ளே யாரோ இருப்பதாக மயங்குகிறோம்.

ஒரு கணம் பாளையங்கோட்டையே திரும்பி வந்ததுபோல் இருந்தது. மேசையில் கைதட்டும் வழக்கம் இல்லையாம், இருவர் தட்டினார்கள்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் ரோஸ்லின் மட்டும் முகம் கொடுக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "ஹவ், ஆமா, ஜெயிச்சே. ஆனா அந்த சின்ன பச்சா மேல ஏறி நின்னு ஜெயிச்சே பா" என்றாள். அவள் இளகிய மனத்தினள். மெய்யியலுக்கு அது ஆகாது என்று அவளிடமே சொன்னேன்.

இன்னொரு வாதம் அனுப்பு. இதனினும் வலியதாக அனுப்பு. எனக்குப் பசி அடங்கவில்லை. அந்தத் தாய்க்கு என் இரக்கத்தைச் சொல்.

வெற்றிக்களிப்புடன்,
காஞ்சனா

*

கடையநல்லூர்
11-12-2006

காஞ்சனாவுக்கு,

மடல் வந்தது. அரிய நடை. 'விளக்கேற்றாத வீடு' என்ற உவமை ஒருமுறை படித்தால் மறக்காது.

அந்தத் தாய்க்கு உன் இரக்கத்தைச் சொன்னேன். வேண்டாம் என்கிறாள்.

அவளுடைய மாமி நாள்தோறும் ஒன்று சொல்வார். உன்னைப்போல் அடுக்குமொழியில் அன்று, அடுப்பை ஊதிக்கொண்டே சொல்வார்: "ஒம் மவளுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. பொம்மைக்குச் சட்டை போட்டாப்ல இருக்கா." அவள் மறுத்துப் பேசுவதில்லை. மறுப்பதற்கு ஒரு சான்று வேண்டும். அந்தச் சான்றைப் படித்தவர் ஒருவர் ஒப்புக்கொள்ளவேண்டும். மனத்தைப் பற்றியே படிக்கும் ஒருத்தி எனக்குத் தோழியாக இருக்கிறாள் என்று சொல்லி, உன் விடைக்காக அவளைக் காத்திருக்க வைத்தது நான். உன் விடையும் மாமியின் சொல்லும் ஒன்றாகவே இருக்கின்றன. உன்னுடையது நல்ல தமிழில் இருக்கிறது.

வாதம் கேட்டாய். இம்முறை வாதம் இல்லை, ஒரு வினா மட்டும். நீ மேசைக்கு முன் எழுந்து நின்று சொன்னதை, அந்தத் தாய்க்கு முன் அமர்ந்து சொல்வாயா?

ஜுலைகா

*

ஐதராபாத்
9-1-2007

அன்புத் தோழி ஜுலைகாவுக்கு,

புத்தாண்டும் பொங்கலும் உனக்கு இனிதாகுக. உன் மடல் ஏன் இவ்வளவு மெலிந்து வந்தது? உடல்நலம் குன்றியதோ? அல்லது எதிரணி அம்புகள் தீர்ந்துவிட்டனவோ?

உன் வினாவுக்கு விடை: சொல்வேன். உண்மை, கேட்பவர் அழுவாரா சிரிப்பாரா என்று பார்த்து மாறுவதில்லை. இரக்கம் நற்பண்பு, சான்றன்று. மேடையில் நடுவரின் கண்ணீரைப் பிழிந்து பரிசு வாங்கிய தொழிலை இங்கே வந்து மறந்துகொண்டிருக்கிறேன். என் வளர்ச்சியைப் பார்த்து நீயல்லவா முதலில் மகிழவேண்டும்?

இப்போது பெருஞ்செய்தி. திறந்த அரங்குக்கு நாள் குறித்தாயிற்று: மார்ச்சு ஒன்பது. துறை முழுதும் வரும். உளவியல் துறையிலிருந்தும் மொழியியலிலிருந்தும் வருவார்கள். எழுதுகிறேன், கிழிக்கிறேன், பாறைமேல் ஏறி நின்று உரக்கப் படித்துப் பார்க்கிறேன். காவலர் ஒருவர் நாள்தோறும் கீழே நின்று கேட்டுவிட்டு, தெலுங்கில் ஏதோ சொல்லித் தலையசைத்துச் செல்கிறார். வாக்குச் சேகரிக்கிறேன் என்று எண்ணியிருப்பார். வாழ்நாளில் இப்படியொரு விடியலை நான் கண்டதில்லை; எழும்போதே ஒரு வினா என்னுடன் எழுகிறது.

நீ வரவேண்டும். தொடர்வண்டி ஏறி ரைஹானாவையும் அழைத்துக்கொண்டு வா. முன்வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துப் பார். வர இயலாவிட்டால் வேறொன்று செய்: ரைஹானாவை மடியில் இருத்தி, அவள் என்னிடம் சொல்ல விரும்பும் ஒரு வரியை, மழலை மாறாமல், அப்படியே எழுதி அனுப்பு. என் முன்வரைவின் முதல் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். எண்ணம் பிறக்கும் ஓசை அது.

ஆவலுடன்,
காஞ்சனா

*

போலாரம், செகந்தராபாத்
19-2-2007

காஞ்சனா,

மேலே எழுதியிருக்கும் ஊரைப் பார். உன் நகரத்தில்தான் இருக்கிறேன். கணவரின் ஒன்றுவிட்ட அக்கா இங்கே படைப்பிரிவுக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிறார். அவர் வீட்டில் தங்கியிருக்கிறோம். மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டோம். உனக்குச் சொல்லவில்லை.

ரைஹானாவின் வரியைக் கேட்டாய். அவளிடம் வரி இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை என்று எழுதினேனே, அவள் என் மகள். குடத்தைப் பார்த்துச் சிரித்தது நான். அடுப்பை ஊதுகிறவர் என் மாமி.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். ஊரில், 'மேடையெல்லாம் பேசித் தீர்த்துட்டா, மவளுக்கு மிச்சம் வைக்கல' என்று என் காதுபடச் சொன்னார்கள். மேடையை விட்டேன். உனக்கு எழுதுவதையும் விட்டேன். நீ 'பேசுகிறாளா' என்று கேட்பாய் என்பதால். நீ எதிர்வாதம் கேட்டபோது, மகள் என்று சொல்லாமல் அவளை உன் முன் நிறுத்தலாம் என்று தோன்றியது. தோழி என்பதால் நீ விட்டுக்கொடுக்காமல், நேர்மையாகப் பார்த்து, 'உள்ளே ஒருத்தி இருக்கிறாள்' என்று சொல்வாய் என்று நம்பினேன். நேர்மையாகப் பார்த்தாய். வேறொன்று சொன்னாய்.

பேச்சு வராத பிள்ளைகளுக்கான நிலையம் ஒன்று இங்கே இருக்கிறது, அவளை அங்கே காட்டத்தான் வந்தோம். நல்லவர்கள். பொறுமையாகப் பார்த்தார்கள். செவியில் குறையில்லை; பேச்சு வரலாம், வராமலும் போகலாம்; படங்களைக் காட்டி வேண்டியதைக் கேட்கும் பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். நேற்றுப் பேருந்தில் ஒரு மூதாட்டி அவளிடம் பெயர் கேட்டார். நான் விடை சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "நக்கோ, கேக்க வேணாம் அம்மா, அது பேசாது" என்றார். 'அது' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு அல்வால் வரை நின்றுவந்தேன்.

இனி, எதிரணியின் இறுதி வாதம். முதல் மடலில் இதை எழுதாமல் விட்டேன். வலிமையானதைக் கடைசிக்கு வைப்பது நம் பழக்கம்.

தொப்பி வைத்த பிறகு எப்போதும் முதலில் வருபவள் நானல்லேன். சில நாள் மாமி வந்துவிடுவார். அவருடைய காலடி ஒலி கேட்டதும் ரைஹானா ஓடிப்போய்த் தொப்பியை எடுத்துப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வாள். மாமி தண்ணீர் மொண்டு போனதும் மறுபடி குடத்தில் வைப்பாள். வைத்துவிட்டு எனக்காக நிற்பாள். மாமி ஒருநாளும் அதைக் கண்டு அவளை அடித்ததில்லை, கண்டதே இல்லை. பழக்கம் என்றாய், கிளி என்றாய். ஒருவர் சினப்பார், ஒருவர் சிரிப்பார் என்று நடக்காத ஒன்றை முன்கூட்டிப் பிரித்தறிய எந்தக் கிளி கற்றது?

இதற்கு விடை சொல். ஆனால் ஒன்று. எனக்காக அணி மாறாதே. நட்புக்காக நீ தோற்றாய் என்று தெரிந்தால் உன்னை மன்னிக்கமாட்டேன். என் மகளுக்குப் பிச்சை வேண்டாம். முடியுமானால் என்னை வீழ்த்து, முடியாவிட்டால் வீழ்.

வியாழன்று ஊர் திரும்புகிறோம். பார்க்க வராதே.

ஜுலைகா

*

ஐதராபாத்
10-3-2007

என் ஜுலைகாவுக்கு,

உன் மடல் புதன்கிழமை பகலில் வந்தது. போலாரம் பேருந்தில் ஏறிவிட்டேன். அல்வாலில் இறங்கிவிட்டேன். உன்னிடம் வந்தால் அழுவேன். அழுதால் அது விடையாகாது. நீ கேட்டது விடை. எதிர்த் திசையில் வந்த வண்டியைப் பிடித்துத் திரும்பினேன்.

விளக்கேற்றாத வீடு என்று எழுதிய கையால் இந்த மடலை எழுதுவதற்கு நாணுகிறேன். மன்னிப்பை நேரில் கேட்பேன். இப்போது நேற்றைய அரங்கைச் சொல்ல விடு, நெஞ்சு தாங்கவில்லை.

முன்வரைவைப் படித்தேன். நாற்காலி போதாமல் சாளரத்து ஓரங்களில் நின்றார்கள். எதிர்வாதப் பகுதிக்கு வந்தேன். குடத்தைச் சொன்னேன். தொப்பியைச் சொன்னேன். மாமியின் காலடி ஒலியைச் சொன்னேன். இரண்டு வாரமாக அதற்கு நான் எழுதிய விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். வைத்த கையாலேயே ஒவ்வொன்றையும் தள்ளினேன். பழக்கம் என்றால், அடிபடாமல் அச்சம் ஏன்? நம் சொல்லை அவள்மேல் ஏற்றுகிறோம் என்றால், நாம் சொல் ஏற்றாத இடத்திலும் அவள் ஆளுக்கு ஆள் வேறாக நடப்பது எப்படி? நவம்பரில் நான் தொப்பிக்கு விடை சொன்னேன், சிரிப்புக்கு விடை சொன்னேன். காத்திருப்பை மட்டும் 'அது உன் சொல்' என்று ஒற்றை வரியில் தாண்டிச் சென்றிருக்கிறேன். வலிய இடத்தைத் தொடாமல் மெலிந்த இடத்தில் அடித்துக் கைதட்டல் வாங்கும் அதே மேடைத் தந்திரம். அங்கே நடுவர் ஏமாறுவார். இங்கே ஏமாந்தவள் நான்.

அவள் காத்திருந்தது உன் மனத்துக்காக, ஜுலைகா. இவள் சிரிப்பாள் என்று உன்னைப் பற்றி எண்ணியிருக்கிறாள். பிறர் மனத்தை எண்ணுகிற ஒன்றை மனமில்லை என்று எப்படிச் சொல்வது? அரங்கின் முன் நின்று சொன்னேன்: என் கோட்பாடு இந்த இடத்தில் உடைகிறது, எனக்கு விடை தெரியவில்லை.

பேராசிரியர் சக்ரபாணி, 'அப்படியானால் உன் பதிவை நாங்கள் எப்படி உறுதி செய்வது?' என்றார். செய்ய இயலாது என்றேன். ஆய்வுக்குழு கூடிப் பேசி, ஆறு மாதம் தந்திருக்கிறது. புதிய முன்வரைவு எழுதவேண்டும். வெளியே வரும்போது அவர் என் தோளருகே நின்று, இன்றுதான் நீ எங்களுடன் மேசையில் அமர்ந்தாய் என்றார். ரோஸ்லின் இரானித் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். நான் தோற்றதற்கு அவள்தான் விருந்து வைத்தாள்.

தோற்றேன். தோற்றுவிட்டுத் துள்ளுகிறேன். நட்புக்காக அன்று, உன் வாதம் என்னை வீழ்த்தியது. புதிய முன்வரைவை நேற்றே தொடங்கிவிட்டேன். மொழிக்கு முன் மனம்! முதல் இயலுக்குப் பெயரும் வைத்துவிட்டேன்: ரைஹானாவின் காத்திருப்பு. அவள் என் முதற்சான்று. உலகம் அவளைப் பற்றிப் படிக்கும். மே மாதம் வருகிறேன். படக்கருவி கொண்டுவருகிறேன், அவள் தொப்பி வைப்பதையும் ஒளிப்பதையும் பதிவு செய்யவேண்டும். அதுவரை அவள் செய்வதையெல்லாம் நாள் குறித்து எழுதி வை. ஒன்றையும் விடாதே.

உன்னிடம் தோற்றவள்,
காஞ்சனா

*

கடையநல்லூர்
27-3-2007

அன்புள்ள காஞ்சனாவுக்கு,

மடலை மூடிவைத்து மூடிவைத்துப் படித்தேன். நீ நேர்மையாகத் தோற்றாய்; அதை அறிவேன்; உன் நடையில் பொய் இருந்தால் எனக்குத் தெரியும். அதற்காக உனக்கு என் வணக்கம்.

உன் வாதத்தை அடுக்களையில் மாமியிடம் எளிய தமிழில் சொன்னேன். தொப்பியை அவள் ஒளிக்கும் கதை அவருக்குப் புதிது. ஊதுவதை நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "என்னயக் கண்டு எதுக்கு ஒளிக்கா? நான் என்ன செஞ்சேன் அவள?" பொம்மை ஒளிக்குமா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை அந்த வீட்டில் அப்போதே தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவள் திரும்புவதில்லை. அவர் அழைப்பதை நிறுத்துவதும் இல்லை. இந்த வீட்டுக்கு நீ செய்த நன்மை இது. நான் மறக்கமாட்டேன்.

இனி நீ கேட்க விரும்பாததைச் சொல்கிறேன்.

அந்த இயல் வேண்டாம். படக்கருவி வேண்டாம். நாள் குறித்து எழுதமாட்டேன். உன் நவம்பர் மடலில் என் மகள் ஒன்றுமில்லாமைக்குச் சான்று. மார்ச்சு மடலில் எல்லாம் இருப்பதற்குச் சான்று. இரண்டிலும் நீ எழுந்து நின்று பேசியிருக்கிறாய். அவள் மேசைமேல் கிடந்திருக்கிறாள். பள்ளியில் நான் சொல்லித்தரும் பிள்ளைகளில் ஒருத்தியைப் பற்றி இப்படி எழுதுவதென்றால் அவளிடம் கேட்டிருப்பாயல்லவா? இவளிடம் கேட்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, காஞ்சனா. முதலில் அவளை எடுத்து உன் மேசைமேல் வைத்தவள் நான்தானே.

இவ்வீட்டுக்குள் வருகிற எல்லாரும் அவளிடம் எதையோ தேடிக்கொண்டு வருகிறார்கள். மருத்துவர் சொல்லைத் தேடுகிறார். அது அவர் கடமை. உறவினர் குறையைத் தேடுகிறார்கள். நான் நாள் முழுதும் அறிகுறியைத் தேடுகிறேன். ஒன்றையும் தேடாமல் வந்து அவள் பக்கத்தில் அமர ஓர் ஆள் எனக்கு இல்லை.

எதிரணித் தலைவி பதவியிலிருந்து இன்றோடு விலகிக்கொள்கிறேன். மாற்று ஏற்பாட்டை நீயே பார்த்துக்கொள். தோழி என்ற இடம் இருக்கிறது. வேண்டுமா என்று எண்ணிப் பார்த்து எழுது. அந்த இயலை வைத்துக்கொள்வதென்றால் எழுதவேண்டாம். எனக்கு விளங்கிவிடும்.

உன்,
ஜுலைகா

*

ஐதராபாத்
16-4-2007

ஜுலைகா,

அந்த இயலை எடுத்துவிட்டேன். பெயரையும், குடத்தையும், தொப்பியையும், என் பழைய கட்டுரைகளில் இருந்தவற்றையும் எடுத்துவிட்டேன். பேராசிரியரிடம் சொன்னேன். அது இல்லாமல் எப்படி வாதிடுவாய் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தேட ஆறு மாதம் இருக்கிறதே என்றார். தேடுகிறேன். கடினமாக இருக்கிறது; நன்றாகவும் இருக்கிறது.

மே முதல் வாரம் வருவதற்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். படக்கருவி கொண்டுவரவில்லை. ரைஹானாவுக்கு என்ன பிடிக்கும் என்று உன்னிடம் கேட்டு எழுத இருந்தேன்; அதையும் விட்டுவிட்டேன். வந்து இருக்கிறேன். உனக்கு அரிசி களைந்து தருகிறேன். மாமி திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

நான் வருகிறேன் என்பதை அவளிடம் சொல்லிவிடு. உன் தோழி, பெயர் காஞ்சனா, உரக்கப் பேசுவாள், ஒரு வாரம் நம் வீட்டில் தங்குவாள் என்று சொல். அவளுக்கு விருப்பமில்லை என்று உனக்குத் தெரிந்தால் ஒரு வரி எழுது. சீட்டை மாற்றிக்கொள்கிறேன்.

காஞ்சனா